விழுது தாங்கிய ஆல்

சங்கம் ஒன்றைத் தொடங்குதல் எளிது. தலைவர், செயலாளர், தனாதிகாரி என மூவரும், யாப்பு ஒன்றும், கூடுவதற்கு ஒரு மண்டபமும் வாய்த்துவிட்டால் சங்கம் பிறந்துவிடும். ஆயின், பெற்றவர் ஊரை விட்டு நீங்கிய பின்னரும் அது வாழுமா என்பதே வினா. பல்கலைக்கழகச் சங்கங்களுக்கு இவ்வினா மேலும் கூர்மையானது. ஏனெனில், அங்கே தொடங்குவோர் அனைவரும் மூன்று நான்கு ஆண்டுகளில் விடைபெறுபவர்களே.

அமெரிக்க மாணவர் சங்கங்களின் வரலாறு இதற்கு விடையொன்றைத் தருகின்றது. 1776 டிசெம்பர் 5 ஆம் நாள் வேர்ஜீனியாவில், வில்லியம் அன் மேரி கல்லூரி மாணவர் சிலர் 'பை பீற்றா கப்பா' என்னும் சங்கத்தை நிறுவினர். பின்னர் பிற கல்லூரிகளிலும் கிளை அமைக்க இசைவளித்தனர். யேல் கிளை 1780 இலும், ஹாவார்ட் கிளை 1781 இலும் தோன்றின. அவ்வேளை விடுதலைப் போர் வேர்ஜீனியாவை நெருங்கியது. தாய்ச் சங்கம் செயலிழந்தது. எனினும், வடக்கே ஊன்றிய கிளைகள் அப்பெயரை அழியாது காத்தன. அடிமரம் பட்டபோது ஆலை விழுது தாங்கியது எனலாம்.

இத்தகைய வரலாறொன்று கல்முனைக் கரையிலும் உண்டு. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பர்மாவிலிருந்து அரிசி வருவதும் நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு, அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்த கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதன் பொறுப்பாளராக வந்தவர் உதவி அரசாங்க அதிபர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் ஆவார்.

நெல் விளைவிக்க வந்தவர் கண்டது வேறொரு தரிசு நிலம். வயலும் கடலும் அள்ளிக் கொடுத்த அப்பகுதியில், உயர்கல்வியை எட்டிய முஸ்லிம் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆகவே, அதே 1942 இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. அருகிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளோடு அஸீஸ் அங்கே நெருங்கிப் பழகினார். இராமகிருஷ்ண மிஷன் பள்ளியொன்றில் இளமையிற் பயின்றவர்க்கு அந்நட்பு அந்நியமானதன்று.

அஸீஸ் கல்முனையில் நெடுங்காலம் தங்கவில்லை. ஆனால் அங்கு முளைத்த எண்ணம் அவரோடு பெயர்ந்தது. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி நாடளாவிய நிறுவனமாகத் தோன்றியது. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. கட்டணம் நீங்கினும் ஏழை மாணவனுக்கு உணவுச் செலவும் நூற்செலவும் நீங்கவில்லை; நிதியின் தேவையும் நீங்கவில்லை. பின்னர், 1950 இல், ஊர்தோறும் கிளை பரப்பும் முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் சம்மேளனத்தையும் அவர் தோற்றுவித்தார்.

ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கிய சங்கம் குறுகிய நோக்குடையதன்றோ எனச் சிலர் வினவுதல் கூடும். தன் வீட்டில் விளக்கில்லை என உணர்ந்து விளக்கேற்றுதல் குறுகிய நோக்கமாகாது. அயல் வீட்டு வெளிச்சம் கண்டு கதவடைத்தலே குறுகிய நோக்கமாகும். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் கல்முனைப் பிள்ளைகளுக்காகச் சங்கம் அமைத்ததும், காரைதீவுத் துறவி அவர்க்கு நண்பரானதும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன.

இவ்வேறுபாட்டைப் பிற்காலம் மறந்தது. அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டனர். கிழக்கிலும் தமிழ் பேசும் இரு சமூகங்களிடையே குருதி சிந்தியது. யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர்கள் கல்வியைத் தொடர இயலாத நிலையில், 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, 1996 இல் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவில் வளாகம் பிரிவின் துயரிலிருந்து எழுந்ததெனினும், இன்று அங்கே மூவின மாணவரும் பயில்கின்றனர்.

அவ்வளாகத்திலும் பிற வளாகங்களிலும் ஆண்டுதோறும் ஊரின் பெயரால், மொழியின் பெயரால், சமயத்தின் பெயரால் சங்கங்கள் தோன்றுகின்றன. தோன்றுதல் தவறன்று. அடுத்த ஆண்டுச் செயலாளரிடம் கணக்கேடு ஒழுங்காகக் கையளிக்கப்படுகின்றதா? அயலூர் மாணவன் கூட்டத்திற்கு வந்தால் அவனுக்கும் ஓர் ஆசனம் கிடைக்கின்றதா? தொடக்க விழாவின் மாலைகளைக் காட்டிலும் இவ்விரு வினாக்களுக்கான விடைகளே சங்கத்தின் ஆயுளை அளப்பன.