விழுந்தால் யார் தூக்குவது?

ஹைதராபாத்தின் நாச்சாரம் தொழிற்பேட்டையில், மருந்து ஆலை ஒன்றில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கும் அந்தக் கோவைக்காரருக்கு வயது 49. சொந்த பைக்கில் ஸ்பிடி பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும் என்பது இருபது வருட ஆசை. இடுப்பில் ஒரு டிஸ்க் ஏற்கெனவே விலகியிருக்கிறது. டாக்டர் போகாதே என்று சொல்லவில்லை; மறுபடி முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஆபரேஷன்தான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் போக மிஞ்சிய சேமிப்பில் செகண்ட் ஹேண்ட் வண்டிதான் வாங்க முடியும்.

முதலில் மனதைப் பறித்தது ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின். 2017ல் இந்தியாவுக்கு வந்த 998 சி.சி. வண்டி. கிளட்ச் லீவரே கிடையாது. கரடுமுரடான பாதைக்கென்றே முன்னால் 21 அங்குலச் சக்கரம். மனைவியின் ஒரே கேள்வியில் அது அடிபட்டுப் போனது: "ஏனுங்க, விழுந்தா யாருங்க தூக்கறது?"

அதன் எடை 240 கிலோவைத் தாண்டும். கவாஸாகி வெர்சிஸ் 650, சுஸுகி வி-ஸ்ட்ராம் 650 எக்ஸ்.டி. இரண்டும் 216 கிலோ. வித்தியாசம் ஏறக்குறைய ஓர் அரிசி மூட்டை. வெர்சிஸுக்கு இரண்டு சக்கரமும் 17 அங்குலம். தார் ரோட்டுக்குப் பிறந்தது. வி-ஸ்ட்ராமுக்கு முன்னால் 19. கம்பிச் சக்கரம்தான், ஆனாலும் ட்யூப் இல்லை. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம்.

மாடலை முடிவு செய்தது பாதி வேலைகூட இல்லை. பழைய வண்டியில் பார்க்கவேண்டியது அதன் முந்தைய வாழ்க்கையை. இந்த ரக பைக்குகளைப் பலர் வாங்கி நிறுத்தித்தான் வைக்கிறார்கள். முதலில் பார்த்த வி-ஸ்ட்ராம் ஏழு வருடத்தில் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. விற்பவர் அதைப் பெருமையாகச் சொன்னார். கூட வந்த மெக்கானிக் மசியவில்லை. டயரின் பக்கவாட்டில் 1418 என்ற எண்: 2018ன் 14வது வாரத்தில் தயாரானது. தேயவே இல்லை, ஆனால் ரப்பர் கெட்டியாகிவிட்டது. ஃபோர்க் சீலில் எண்ணெய்க் கசிவு. சைலன்சரைத் தொட்டுப் பார்த்தால் சூடு. இவர்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் பாதி உண்மை தெரியும். "நாளைக்கு வர்றோம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். போகவில்லை.

கடைசியில் வாங்கியது 31,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. அடியில் இருந்த காப்புத் தகட்டில் கல் பட்ட கீறல்கள். அதை அவர் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, சட்டம் நேராக இருந்தது. 24,000 கிலோமீட்டரில் வால்வு இடைவெளி பார்த்த பில்லும் இருந்தது. தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் அங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, தெலங்கானாவில் மறுபதிவு செய்து வரியும் கட்டவேண்டும். அந்தச் செலவைப் பேரத்திலேயே கழித்துவிட்டார்.

வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பழைய மெத்தையை விரித்து, வண்டியை அதன்மேல் சாய்த்துப் படுக்கவைத்தார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஹேண்டில்பாரைப் பிடித்து, தொடை பலத்தில் பின்னோக்கித் தள்ள வேண்டும், இடுப்பு வளையக்கூடாது. இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாவது தடவை வண்டி நிமிர்ந்தது. மனைவி பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பிடிக்கு எப்போது என்று கேட்டால், பெட்டிகளை மாட்டி, சாமான் ஏற்றி, இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.