படியாத விலையும் புரோக்கரும்

வீட்டுக்கு ஒருவர் விலை கேட்கிறார். சொந்தக்காரர் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிடுகிறார். அதோடு புரோக்கர் வேலை முடிந்ததா, இல்லை கொஞ்ச நாள் கழித்து அதே பார்ட்டியிடம் அவர் திரும்பப் போய்ப் பேச வேண்டுமா? நங்கநல்லூரில் வீடு விற்காத, வாங்காத குடும்பம் குறைவு. அதனால் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. "வேண்டாம்னா வேண்டாம்தான், அப்புறம் என்ன நச்சரிப்பு" என்பார்கள் சிலர். "அலைஞ்சு திரிஞ்சு பேசறதுக்குத்தானே ரெண்டு பர்சென்ட் கொடுக்கறோம்" என்பார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி, ஆனால் முழுசாக இல்லை.

1986-ல் இந்த வீட்டை நாங்கள் வாங்கியதே ஒரு தடவை மறுக்கப்பட்ட பிறகுதான். அரை கிரவுண்டில் சின்ன வீடு, பின்னால் ஒரு கிணறு, இரண்டு தென்னை. கேட்ட விலை ஒன்றரை லட்சம். வங்கியில் கிடைக்கும் ஊழியர் வீட்டுக் கடன், பி.எஃப். பணம், மனைவியின் நாலு வளையல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து 1,30,000 என்றேன். சொந்தக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே "சரிப்படாது" என்றார். அது ஆனி மாதக் கடைசி. ஆடியில் யாரும் அட்வான்ஸ் வாங்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நான் அந்த வீட்டை மறந்துவிட்டுப் பழவந்தாங்கல் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன்.

புரோக்கர் மறக்கவில்லை. சைக்கிளில் வருவார், ஹாண்டில் பாரில் மஞ்சள் பை, அதற்குள் நீளமான கணக்கு நோட்டு. வாசலோடு நின்று ஒரு டம்ளர் மோர் குடிப்பார். "வேற எங்கேயாவது படிஞ்சுதா சார்?" என்று கேட்பார். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அங்கேயும் போய் "வேற பார்ட்டி வந்துதா ஐயா?" என்று மட்டும்தான் கேட்டாராம். இது சொந்தக்காரரே பின்னால் எனக்குச் சொன்னது. ஆவணி பிறந்து முதல் வாரம், "நாளைக்குக் காலம்பர ராகு காலத்துக்கு முன்னாடி ஒரு நடை நேர்ல வந்து பேசுங்க சார்" என்றார். போனேன். 1,38,000-க்கு முடிந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிப் பணத்துக்கு அவர் அவசரத்தில் இருந்தது பத்திரம் பதிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். புரோக்கருக்கு அது முன்னாலேயே தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. கமிஷன் 2,760 ரூபாய். மனசாரக் கொடுத்தேன்.

2014-ல் நடந்தது வேறு கதை. அத்திம்பேர் காலமான பிறகு அக்கா தன் வீட்டை விற்றுவிட்டு எங்கள் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வருவதாக முடிவு செய்தாள். 90 லட்சம் என்று சொல்லியிருந்தாள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு இளம் தம்பதி வந்து பார்த்தார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் வாங்கிப் போய் வக்கீலிடம் காட்டினார்கள். அதாவது வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. 78 என்றார்கள். அக்கா 85-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றாள். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

எட்டு மாதம் வீடு பூட்டியே கிடந்தது. நடுவில் இரண்டு தடவை புரோக்கரிடம் அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "அவங்க எங்கேயோ முடிச்சிட்டாங்க சார்" என்றார். கடைசியில் ஒரு பில்டருக்கு 79 லட்சத்துக்குக் கொடுத்தாள். அடுத்த வருஷம் ஆஞ்சநேயர் கோயிலில் அந்தப் பையனைப் பார்த்தேன். இன்னும் வாடகை வீட்டில்தான் இருந்தான். "83 வரைக்கும் வரலாம்னுதான் இருந்தோம் சார். யாரும் திரும்பக் கூப்பிடவே இல்லை. நாங்களா கூப்பிட்டா ரொம்ப ஆசைப்படறோம்னு தெரிஞ்சுடுமேன்னு விட்டுட்டோம்" என்றான்.

நாலு லட்சம். அப்போது வங்கியில் மூத்த குடிமக்கள் டெபாசிட்டுக்கு 9 சதவீதம் வட்டி கிடைத்தது. மாதம் 3,000 ரூபாய். அக்காவின் சர்க்கரை மாத்திரைக்கும் சமையல்கார அம்மாள் சம்பளத்துக்கும் ஆகியிருக்கும். இதை அவளிடம் சொல்லலாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னேன். "83-ன்னு வந்திருந்தா நானும் கொஞ்சம் முரண்டு பிடிச்சிருப்பேன்டா, ஆனா கொடுத்திருப்பேன்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்தப் புரோக்கரிடமும் கேட்டேன். ஏமாற்றுக்காரர் இல்லை, அவர் சொன்ன காரணமும் அசட்டுக் காரணம் இல்லை. "வேணாம்னு சொன்ன பார்ட்டிகிட்ட நான் திரும்பப் போனா, மாமி இறங்கிட்டாங்கன்னு நினைப்பாங்க. 78-லேர்ந்து 75-க்கு வந்துடுவாங்க சார்." நியாயம்தான். திரும்பப் போவதே ஒரு செய்தி ஆகிவிடுகிறது. சைக்கிள் புரோக்கருக்கும் இதே சிக்கல் இருந்திருக்கும். அதனால்தான் அவர் வீட்டைப் பற்றிப் பேசாமல் என்னைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

வங்கியில் சி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைக்கு ஒப்பந்தச் சட்டம் படித்தபோது இங்கிலாந்தில் 1840-ல் தீர்ப்பான ஹைட் - ரெஞ்ச் வழக்கை உருப்போட்டிருக்கிறேன். ரெஞ்ச் தன் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருகிறேன் என்றார். ஹைட் 950 என்றார். ரெஞ்ச் மறுத்தார். சரி, 1,000-மே தருகிறேன் என்று ஹைட் திரும்பி வந்தார். செல்லாது என்றது கோர்ட். 950 என்று கேட்ட அன்றைக்கே 1,000 செத்துவிட்டது என்று அர்த்தம். நம் புரோக்கர்கள் சிலர் மூன்று மாதம் கழித்து வந்து "நீங்க அன்னிக்குச் சொன்ன விலைக்கு ஒத்துக்கிட்டாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். யாரும் பயப்பட வேண்டாம். அந்த விலை அன்றைக்கே முடிந்துபோனது. திரும்பப் பேசுவது என்றால் முதலிலிருந்து பேசுவதுதான்.

நச்சரிப்பு என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவில் கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு அம்மாள், வீட்டை விற்கும் யோசனையே இல்லை என்று சொன்ன பிறகும் காலை ஏழு மணிக்கு போன் வருகிறது. "இன்னொரு பார்ட்டி கேஷோட ரெடியா இருக்காங்கம்மா, இன்னிக்கு விட்டா போச்சு" என்கிறார்கள். அந்த இன்னொரு பார்ட்டியை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இது தொடர்ந்து பேசுவதும் இல்லை, தரகும் இல்லை.

இன்னொரு சங்கடம், நம் ஊரில் புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். அவர் யாருடைய ஆள்? விற்பவர் எவ்வளவு இறங்குவார், வாங்குபவர் எவ்வளவு ஏறுவார் என்ற இரண்டு ரகசியமும் அவர் பையில்தான் இருக்கின்றன. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் அது பதிவான ரியல் எஸ்டேட் திட்டங்களில் விற்றுக் கொடுப்பவர்களுக்குத்தான். அக்கா வீடு மாதிரிப் பழைய வீட்டைக் கைமாற்றிவிடுகிறவரை அது தொடுவதில்லை. அவருக்கு இருப்பது அவர் பெயர் ஒன்றுதான்.

என்னைக் கேட்டால், பத்திரம் பார்த்து வக்கீல் வரைக்கும் போன பார்ட்டியை ஒரு மாதம் கழித்து ஒரு தடவை கட்டாயம் கூப்பிட வேண்டும். விற்பவரிடம் சொல்லிவிட்டுக் கூப்பிட வேண்டும். சும்மா வந்து பால்கனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களை விட்டுவிடலாம். இரண்டாவது தடவையும் இல்லை என்றால் நோட்டில் அடித்துவிட வேண்டியதுதான்.

எதிர் வீட்டு மாமா போன மாதம் வீட்டை விலைக்குப் போட்டிருக்கிறார். புரோக்கர் பையன் எல்லாவற்றையும் மொபைலில் எழுதி வைத்திருக்கிறான். தெற்கு பார்த்த வாசல் என்று ஓடியவர்கள் போக, விலை படியாமல் போனது மூன்று பேர். புரட்டாசி கழிந்ததும் மூவரையும் ஒரு தடவை கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான். மாமா எவ்வளவுக்கு இறங்குவார் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அந்த மூவரில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.