உறைபனியில் ஊட்டி... விடியற்காலை 5 மணி... ஒரு யெஸ்டி, ஒரு புல்லட்!

ஊட்டிக்குப் போகிற பலரும் பார்க்காத ஊட்டி ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை 4 மணி முதல் 7 மணி வரை மட்டும் இருக்கும் ஊட்டி அது. லாட்ஜில் இரண்டு கம்பளிக்குள் நாம் சுருண்டு கிடக்கும் நேரத்தில், தலைகுந்தாவில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். காந்தல், குதிரைப் பந்தய மைதானம், எச்.பி.எஃப். பகுதி என்று பள்ளமான இடங்களில் எல்லாம் இதே கதைதான். வெளியே நிறுத்திய பைக்குகளின் சீட்டை நகத்தால் சுரண்டினால், தூள் தூளாகப் பனி உதிரும்.

முதலில் வருவது நீர்ப்பனி. அடுத்து உறைபனி. மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவுகளில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் வீட்டைவிடப் பள்ளத்தில் இருக்கும் தோட்டத்தில் பனி அதிகம். தேயிலை கருகுவதும் அங்கேதான்.

இந்த நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் தூங்கலாம். ஊர்க்காரர்கள் தூங்க முடியாது. இருட்டிலேயே கேரட் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்ற வேண்டும். டீக்கடைகளுக்குப் பால் போக வேண்டும். அதற்கெல்லாம் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும்!

பால் கேனும் யெஸ்டியும்

ஜனவரியில் ஒரு நாள், தலைகுந்தா பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். பால்காரர் ஒருவர் தன் யெஸ்டியின் பக்கத்தில் குனிந்திருந்தார். இரண்டு பக்கமும் பால் கேன்கள். மைசூரில் 1996 வரை ஓடிய தொழிற்சாலையில் பிறந்த வண்டி. மைசூர் பக்கம்தானே என்பதால், நீலகிரியில் இந்த வண்டிகளுக்கு ஒரு காலத்தில் நல்ல மவுசு.

"அண்ணே, புது வண்டி வாங்கிடலாமே?" என்றேன்.

"மாசத் தவணை யாரு கட்டுறது தம்பி? இது எங்க மாமனார் வாங்குனது. கெட்டா நானே பிரிச்சு மாட்டிருவேன். ஒண்ணுதான் பயம். அஞ்சரைக்குள்ள பால் போகலைன்னா கடைக்காரர் பாக்கெட் பால் வாங்கிருவார். ரெண்டு நாள் அப்படி ஆச்சுன்னா, மூணாவது நாள் என்னைக் கூப்பிடவே மாட்டார்."

பேசிக்கொண்டே பெட்ரோலைத் திறந்தார், சோக்கைப் போட்டார், சாவி போடாமலேயே நாலைந்து முறை மெதுவாகக் கிக்கரை மிதித்தார். யெஸ்டியில் கியர் போடும் லீவரே கிக்கரும்கூட. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கராகிவிடும். பிறகு சாவி. மூன்றாவது உதையில் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உயிர் பெற்றது.

குளிரில் வண்டி ஏன் முரண்டு பிடிக்கிறது?

இன்ஜினுக்குள் எரிவது பெட்ரோல் ஆவிதான். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, துளியாகவே நிற்கும். சோக் போட்டால் காற்று குறைந்து பெட்ரோலின் பங்கு கூடும். அதில் ஆவியாகும் கொஞ்சமே தீப்பிடிக்கப் போதும். இன்னொரு பக்கம், ஆயில் கெட்டியாகி உதைக்கும் காலுக்குப் பாரமாகிறது. பேட்டரியும் சோர்ந்துவிடும். பழைய வண்டிகளில் பாயின்ட்டிலும் பிளக் வயரிலும் பனி ஈரம் இறங்கினால் தீப்பொறி பலவீனமாகும்.

ஊட்டியில் கூடுதலாக ஒரு சிக்கல். ஊர் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியைவிடக் காற்று ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதனால், கார்புரேட்டர் வைத்த வண்டிக்கு இங்கே ஏற்கெனவே பெட்ரோல் பங்கு அதிகமாகத்தான் போகிறது. கோவையில் இருந்து வந்தவர்கள் சோக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரையும் முறுக்கி, பத்து முறை உதைத்தால் பிளக் நனைந்துவிடும். அப்புறம் உதைத்துப் பயன் இல்லை.

புல்லட்டுக்குத் தனி மரியாதை

சென்னையில் 1955-ல் தயாரிப்பு தொடங்கிய புல்லட்டுக்கு வேறு முறை. டீக்கடைக்காரரிடம் இருந்த பழைய புல்லட்டை அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் ஸ்டார்ட் செய்து காட்டினார்.

"இதை உதைக்கக் கூடாது தம்பி, கேட்டுக் கேட்டு மிதிக்கணும்" என்றார்.

சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், ஆம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கும் ஓர் இடம் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடையோடு ஒரே மிதி. இந்த வரிசை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் போய்விடும். செருப்புக் காலோடு புல்லட்டை மிதிக்காதீர்கள்!

ஸ்டார்ட் ஆகவில்லையா?

* பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் பிளக் நனைந்திருக்கிறது. சாவி, பெட்ரோல், சோக் மூன்றையும் மூடி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து ஏழெட்டு முறை கிக்கரை மிதியுங்கள். பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டுங்கள்.

* வெந்நீரில் பிழிந்த துணியைக் கார்புரேட்டரின் அடிப்பகுதியில் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். சூடான நீரை நேராக இன்ஜின்மீது ஊற்றாதீர்கள்.

* இன்ஜினுக்குக் கீழே பேப்பர் கொளுத்தி அனல் காட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. பெட்ரோல் ஒரு சொட்டுக் கசிந்தாலும் வண்டியோடு நீங்களும் எரிவீர்கள். வேண்டவே வேண்டாம்.

* குளிருக்குப் பயந்து வீட்டுக்குள், மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உயிரைப் பறித்துவிடும்.

* இரவில் கூரைக்கு அடியிலோ, மரத்தடியிலோ வண்டியை நிறுத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிடுங்கள். திறந்த வெளியில் நிற்கும் வண்டியில்தான் பனி அதிகம் உறையும்.

ஸ்டார்ட் ஆனதும் சர்ரென்று கிளம்பக் கூடாது. ஓரிரு நிமிடங்கள் ஓடட்டும். இன்ஜின் சத்தம் சீரானதும் சோக்கை எடுத்துவிட்டு, முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும். வெயில் விழாத வளைவுகளில் சாலை வழுக்கும் என்பதால், அந்த நேரத்தில் வேகமும் ஆகாது.

பால்காரர் அன்று 5.20-க்கே கிளம்பிவிட்டார். அவர் கொடுத்த பாலில் கடைக்காரர் போட்ட இஞ்சி டீ, 10 ரூபாய்தான். ஊட்டிக்குப் போனால் ஒரு நாளாவது விடியற்காலையில் எழுந்து தலைகுந்தா பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளைப் புல்வெளியையும் பார்க்கலாம், அந்த நேரத்திலேயே வேலையில் பாதியை முடித்துவிட்ட மனிதர்களையும் பார்க்கலாம். ஸ்வெட்டர், குல்லா, கையுறை மறக்காதீர்கள்!