வெளிச்சம் எங்கிருந்து வருது?

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு வெள்ளையடிக்கிற வேலை. இரண்டாம் ஆண்டு சிவில் வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

மதுரையில் எங்களுடையது வரிசை வீடு. உள் ரூமுக்கு ஜன்னலே கிடையாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கச்சி பகலிலும் ட்யூப்லைட் போட்டுத்தான் படிப்பாள். கரண்ட் போனால் புத்தகத்தோடு வாசற்படிக்கு ஓடுவாள்.

பொங்கலுக்கு முன்னால் அந்த ரூமுக்கு பெயிண்ட் அடிக்க முடிவானது. கடையில் ஷேடு கார்டைப் பார்த்து, லேசாக நீலம் ஓடிய வெள்ளையை நானே வாங்கி வந்தேன்.

"இருட்டு ரூமுக்கு இது ஆகாதுடா, சாம்பலாத் தெரியும்" என்றார் அப்பா.

"வெள்ளைதாம்ப்பா வெளிச்சத்தை அதிகமாத் திருப்பி அனுப்பும். படிச்சவன் சொல்றேன், கேளுங்க."

அவர் பேசாமல் அடித்துக் கொடுத்தார். காய்ந்ததும் பார்த்தால்... நான்கு சுவரும் மழை மேகம்!

என் கணக்கு தப்பில்லை. நல்ல வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேலேகூடத் திருப்பித் தரும். ஆனால் விழுந்தால்தானே தருவதற்கு?

அடுத்த ஞாயிறு அப்பா என்னைக் கதவருகே நிறுத்தினார். "வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு மொதல்ல பாரு." எதிரே பொது நடையின் சுவர் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. வெயில் அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. பாசியைச் சுரண்டி இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்தோம். உள்ளே சீலிங்குக்குச் சுத்த வெள்ளை. சுவருக்கு, மீதியிருந்த பெயிண்டில் மஞ்சள் ஸ்டெய்னரும் துளி சிவப்பும் கலந்தார். மஞ்சள் மட்டும் போட்டால் பச்சையடிக்குமாம். முதலில் ஒரு முழத்துக்கு அடித்து, காலையிலும் சாயங்காலமும் பார்த்த பிறகே மீதியை அடித்தார். நான் கார்டில் பார்த்தது கடை வெளிச்சத்தில் தெரிந்த நிறம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பகலில் தங்கச்சி ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, கதவோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அப்பா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை!

நண்பர்களே, நாளை நாம் சைட்டில் நிற்கும்போது பெயிண்டரிடம் ஷேடு நம்பரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அவரையும் ஒரு வார்த்தை கேட்போம். அப்பாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இந்த மலர் கைக்கு வந்ததும் நானே அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

— இரண்டாம் ஆண்டு, அமைப்பியல்