விடியலில் ஒரு தாளம்

சென்ற மாதம் என் தமக்கை மகன் வந்திருந்தான். எழுதிக்கொண்டிருந்த என் முன்னால் கைபேசியை நீட்டி, "மாமா, இந்தப் பாதிரியாரைப் பாருங்களேன்" என்றான்.

பார்த்தேன். 2023 ஆகஸ்ட் 6, லிஸ்பன் நகரம். உலக இளைஞர் தினத்துக்காகக் கூடிய சுமார் 15 லட்சம் பேர் ஆற்றங்கரை மைதானத்தில் இரவு படுத்துக் கிடக்கிறார்கள். போப்பாண்டவரின் பூசைக்கு முன் அவர்களை எழுப்ப வேண்டும். கோயில் மணியா அடித்தார்கள்? காதில் ஹெட்போனுடன் பாதிரியார் கில்யெர்மே பெயிஷோட்டோ மேடையேறி, டெக்னோ இசையை முழக்கினார்! பங்குக் கோயிலின் கடனை அடைக்கப் பணம் திரட்டப் போய்த்தான் மனிதர் டிஜே ஆனாராம்.

வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் என் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

அந்த வித்தை எனக்குத் தெரியும். ஓசை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று தாளமெல்லாம் நின்றுவிடும். கேட்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கையில் இடி விழும். தொடர்கதைக்காரன் 'தொடரும்' போடுவதும் இதே கணக்குத்தான். ஒரு கதையில் நான் ஒரு குழந்தையைச் சாகடித்தேன். மூன்று நாள் சாப்பிடவில்லை என்று ஒரு அம்மாள் கடிதம் எழுதினாள். அந்த அத்தியாயத்தை எழுதும்போது, காப்பி ஆறிப்போகிறதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரின் ஆங்கிலிகன் கோயில் ஒன்றில், 1986-லேயே 'ஒன்பது மணி ஆராதனை' என்று தொடங்கினார்கள். நடன விடுதி இசை, வண்ண வெளிச்சம், திரையில் படங்கள். கோயில் வாசலை மிதிக்காத வாலிபர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். 1995-ல் எல்லாம் கலைந்தது. நடத்தியவர் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டது வெளியே வந்தது. 2025-ல்தான் லண்டன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

இதற்குள் அந்த இசை எங்கோ போய்விட்டது. 2013-ல் அமெரிக்காவின் கேபிடல் கிங்ஸ், ஆஸ்திரேலியாவின் ஹில்சாங் சபை இளைஞர்கள் என்று ஆல்பங்களாகவே வந்தன. தாளத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. கண்ணை மூடி ஆடுகிறவர்களுக்கு எதிரே, கண்ணைத் திறந்துகொண்டு ஒருவன் நிற்கிறானே, அவனைப் பற்றித்தான் சந்தேகம். லிஸ்பன் பாதிரியார் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும், எதிரே நிற்கிறவனின் சங்கதி எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரி மாமா. அந்த அம்மா அழுதது பொய்யா?"

கடிதம் இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவளுக்கும் நான் பதில் எழுதவில்லை.