அவசரத்துக்கு என்ன விலை?

அரியலூர் பக்கத்து எங்கள் கல்லங்குறிச்சிக்கு ஆம்புலன்ஸ் வருகிற காரணங்கள் பெரும்பாலும் மூன்று: சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் டிப்பர் லாரி, வரப்பில் பாம்பு, விடியற்காலை நெஞ்சுவலி. மூன்றுக்கும் ஓடுகிற ஓட்டம் ஒன்றுதான். ரசீது மட்டும் மூன்று விதம்.

*

கலியுக வரதராசப் பெருமாளுக்கு இங்கே நெல், மாடு, கன்று என்று நேர்ந்துகொள்வார்கள். ஆள் பிழைத்து வந்தபின் செலுத்தினால் போதும். தனியார் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் முறை நேர்மாறு: முதலில் அட்வான்ஸ், பிறகு அட்மிஷன். தோட்டைக் கழற்றிக் கொடுக்கிற கை பேரம் பேசாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள் என்று விசாரிக்கவும் நேரமில்லை. வாங்குகிறவன் விலை கேட்க முடியாத சரக்கு இது. அப்படிப்பட்ட சரக்குக்கு விலையை விற்கிறவனே வைத்தால் எந்த நாட்டிலும் அது ஏறத்தான் செய்யும்.

*

பாம்புக்கடியை வைத்து நாடுகளை அளந்து பார்க்கலாம். நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாராகிறது. அதற்கு நஞ்சு தருவதில் முக்கியமானது, 1978-ல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஒரு குப்பி வெளியில் வாங்கினாலும் நூறுகளில்தான் விலை, ஜி.எச்.சில் காசில்லை. 2015-ல் கலிஃபோர்னியாவில் கிலுகிலுப்பை விரியன் கடித்த ஒருவருக்கு வந்த பில் 1,53,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். பாதிக்கு மேல் மருந்துக் கணக்கு மட்டும்.

*

அமெரிக்காவில் 1986 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. அவசரப் பிரிவுக்குள் வந்தவரைக் காசு கேட்காமல் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும் வரை பார்த்தாக வேண்டும். பிறகு பில் அனுப்புவதை அது தடுக்கவில்லை. மருத்துவருக்கு ஒரு கட்டணம். அந்தப் பிரிவை இரவும் பகலும் திறந்து வைத்திருப்பதற்கு ஆஸ்பத்திரிக்குத் தனிக் கட்டணம். எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022-ல் இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸை அதில் சேர்க்கவில்லை.

*

பிரிட்டனில் 1948-லிருந்து மருத்துவம் வரிப்பணத்தில் நடக்கிறது. இங்கிலாந்தில் சுற்றுலா போனவருக்குக்கூட அவசரப் பிரிவில் கட்டணமில்லை. வார்டில் சேர்த்தால்தான் அவருக்குக் கணக்கு தொடங்கும். சிங்கப்பூரில் அரசு ஆஸ்பத்திரி என்றாலும் அவசரப் பிரிவில் நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். ஆனால் தொகை முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் போகிறவர்களுக்கு முதலாளியே மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 2023 ஜூலை முதல் அது குறைந்தது 60,000 வெள்ளி. இலங்கையில் 2016-ல் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 ஆம்புலன்ஸ், நம் 108-இன் தம்பி. அதுவும் இலவசம்.

*

நம் கணக்கு: 108 வந்தது 2008 செப்டம்பரில். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் இலவசம். உச்சவரம்பு முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம். 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாள், 1.5 லட்சம் என்று ஒரு திட்டத்தை அறிவிக்கையாக வெளியிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது பணத்தைவிட விலைப்பட்டியல். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று அரசு முன்பே எழுதி வைத்துவிட்டது. காயம்பட்டவர் பேச வேண்டிய பேரத்தை அரசு பேசி முடித்திருக்கிறது.

*

ஓட்டை எங்கே? லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்தால் 48 உண்டு. பனையிலிருந்து விழுந்து அதே எலும்பு முறிந்தால் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் தாண்டியவன், நள்ளிரவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தனியார் வாசலில் நின்றால் கலிஃபோர்னியாக்காரனின் நிலைதான்; தொகை மட்டும் சிறியது.

*

உச்ச நீதிமன்றம் 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில், போலீஸ் கேஸ் என்று சொல்லி எந்த மருத்துவரும் கைவிடக் கூடாது என்றது. 1996-ல் மேற்கு வங்க வழக்கொன்றில், அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சை தராவிட்டால் அது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றது. கதவு திறந்தது. பில் என்ன என்பது அந்தத் தீர்ப்புகளில் இல்லை.

*

முடிவாக என் கட்சி: எல்லாவற்றையும் இலவசமாக்கு என்று கேட்கவில்லை. விபத்துக்குப் போட்ட விலைப்பட்டியலை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுந்தவனுக்கும் நீட்டுங்கள். ரேஷன் கடைப் பலகைபோல அதை அவசரப் பிரிவு வாசலில் தமிழில் எழுதி மாட்டுங்கள்.

அதுவரை வாசகருக்கு: பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு நேரே ஜி.எச். போங்கள். சாலை விபத்தென்றால், எந்த ஆஸ்பத்திரியானாலும் அட்வான்ஸுக்குக் கை நீளும் முன் கேளுங்கள்: "48-இல் இருக்கிறீர்களா?"