இதரச் செலவு

குடும்ப வரவு செலவுத் திட்டம் போடுவது எப்படி என்று புத்தகம் எழுதியவர்கள் எல்லாருமே கெட்டிக்காரர்கள்தான். வாடகைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுவதுபோல் வருமானத்தை அழகாகச் சீவிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டிலே ஒரு கிழநாய் இருந்தால் அதை எந்தத் துண்டில் வைப்பது என்று அவர்களில் ஒருவராவது சொன்னதாக நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் கணக்கு எழுதுகிறவள் என் மனைவி. முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். மாதா மாதம் பென்ஷன் வருவதும் அவளுக்குத்தான். நானோ நாவல் எழுதுகிறவன். என் வருமானத்துக்கு வருஷம் உண்டு, மாதம் கிடையாது. ஆகையால் நிதி இலாகா அவள் வசம் இருப்பதில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. நீள நோட்டுப் புத்தகம், சிவப்புப் பென்சிலால் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தலைப்பு. பால், மளிகை, மின்சாரம், காஸ், பத்திரிகை, வேலைக்காரர், வைத்தியம். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'இதரம்'.

ஜிம்மி எங்களிடம் வந்து பதினாலு வருஷமாகிறது. ஓர் ஐப்பசி மழையில், தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்து நாய் ஜாதிகள் பெயர் பெற்றவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால் தலையே வெளியிட்டார்கள். ஜிம்மி இவற்றில் எதிலும் சேர்ந்தவன் அல்ல; சுத்தமான மேற்கு மாம்பலம் நாய். தபால்காரரைப் பார்த்துக் குரைத்ததுதான் தபால் இலாகாவோடு அவனுக்கு இருந்த ஒரே சம்பந்தம்.

முதல் பத்து வருஷம் அவன் கணக்கில் ஏறவே இல்லை. தயிர் சாதத்தில் அவன் பங்கு 'பால்' என்ற தலைப்பிலேயே கரைந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி போட்டால் அது 'இதரம்'. பிறகு பின்னங்கால் மூட்டில் வலி கண்டது. மாடிப்படி ஏறமாட்டேன் என்றான். அப்போது 'வைத்தியம்' என்ற தலைப்புக்கு இடம் பெயர்ந்து, என்னுடைய ரத்த அழுத்த மாத்திரைக்கு அடுத்த வரியில் உட்கார்ந்துகொண்டான். நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையிலேயே பாதியைக் கிள்ளிப் போட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கூடாது. நாம் சர்வ சாதாரணமாக விழுங்குகிற சில மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

நாய் வயதை ஏழால் பெருக்கினால் மனித வயது வரும் என்று ஒரு வாய்பாடு நெடுங்காலமாக நடமாடுகிறது. அமெரிக்காவில் லாப்ரடார் நாய்களின் மரபணுவை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அது சரியல்ல என்று 2020-இல் ஒரு புதுக் கணக்கை வெளியிட்டார்கள். நாய் முதல் வருஷத்திலேயே மடமடவென்று நம்முடைய முப்பது வயதுக்கு வந்துவிடுகிறது, அப்புறம் நிதானித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கட்சி. ஏழால் பெருக்கினால் ஜிம்மிக்கு 98. புதுக் கணக்கில் 73. எனக்கு 71. "அண்ணாவுக்குச் சாதம் போட்டாச்சா?" என்று மனைவி இப்போது கேட்பது ஜிம்மியைத்தான்.

சென்ற ஆடியில் அவன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். குடித்தான் என்றால், அப்படி ஒரு குடி! கிண்ணத்தை நிரப்பிவிட்டுத் திரும்புவதற்குள் காலி. இரவில் அடக்க முடியாமல் கூடத்திலேயே போய்விட்டு, விடிந்ததும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பழைய பத்திரிகைகளைக் கூடம் முழுவதும் விரித்தோம். பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டு வந்த சில்லறை வரவு அதோடு நின்றது. இங்கிலீஷ் பத்திரிகைதான் அகலம், நன்றாக உறிஞ்சுகிறது என்பது என் மனைவியின் அபிப்பிராயம். என் நாவலின் அச்சுப் பிழை திருத்திய தாள்களையும் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை" என்றாள். காகிதத்தைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

வேப்பேரிக்குப் போனோம். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அது. அந்த வரிசையில் நின்றால் பட்டணம் முழுவதையும் பார்த்துவிடலாம். காரில் வந்திறங்கிய வெள்ளைப் பஞ்சு நாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளாடு. அதன் பின்னால், சட்டைக்குள் பூனைக்குட்டியை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன். அங்கே கொடுத்த கட்டணம் சொற்பம். ஆனால் நாயென்றதும் நாலு ஆட்டோக்காரர்கள் மறுத்துவிட்டு, ஐந்தாமவர் கேட்டது 350 ரூபாய். திரும்பி வர இன்னொரு 350. வைத்தியத்துக்கு ஆனதைவிட வண்டிக்கு ஆனதுதான் அதிகம்.

டாக்டர் இளம் பெண். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். சிறுநீரகத்தில் முக்கால் பங்கு போகும் வரையில் உடம்பு சமாளித்துக்கொள்ளுமாம். அதற்குப் பிறகுதான் ரத்தத்தில் காட்டுமாம். போனது திரும்பாது. இருக்கிற கால் பங்கை வைத்து நாளைத் தள்ளலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பிடரித் தோலுக்கடியில் ஊசியால் ரிங்கர் லாக்டேட் ஏற்ற வேண்டும், வீட்டிலேயே செய்யலாம். தயிரைக் குறைக்க வேண்டும், அதில் பாஸ்பரஸ் அதிகம். அதற்குப் பதில் முட்டையின் வெள்ளைக் கரு.

முட்டை! எங்கள் சமையலறையில் அந்தச் சொல்லே புழங்கினதில்லை. மனைவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தனி அடுப்பு, தனிப் பாத்திரம், கொல்லைப்புறம்" என்றாள். அன்று மாலை நோட்டில் 'மு. 6' என்று ஒரு வரி ஏறியது. முழுச் சொல்லையும் எழுத அவளுக்குக் கை வரவில்லை. மஞ்சள் கருவை வேலைக்கு வரும் அம்மாள் தன் பேரனுக்குக் கொண்டுபோனாள்.

அந்த மாதக் கடைசியில்தான் ஜிம்மிக்குத் தனித் தலைப்பு கிடைத்தது. மருந்துத் தண்ணீர் 8 புட்டி, 560. ஊசி, குழாய், 300. மாத்திரை, 1,480. வெளியில் செய்த ரத்தப் பரிசோதனை, 1,600. ஆட்டோ, இரண்டு தடவைக்கு 1,400. மு., 210. ஆக 5,550 ரூபாய். மனைவி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் இரண்டாம் தடவை கூட்டினால், முதல் தடவை சரியாகத்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வாரம் பார்த்து என் ஒன்றுவிட்ட அண்ணா வந்திருந்தார். "ஏண்டா, ஒரு தெரு நாய்க்கு மாசம் ஐயாயிரமா? இந்தப் பணத்தில் ஓர் ஏழைப் பையனைப் படிக்க வைக்கலாமே!" என்றார். தருமபுத்திரரின் கதையைச் சொல்லலாமா என்று பார்த்தேன். ஆனால் அவர் ராஜ்யத்தையே துறந்துவிட்டுப் போனவர். அவருக்கு மாதக் கணக்கு இல்லை. தவிரவும், அண்ணா சொன்னது அசட்டுத்தனமான பேச்சல்ல. ஏனென்றால், மறுநாளே வேலைக்கு வரும் அம்மாள், மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு 3,000 ரூபாய் முன்பணம் கேட்டாள். பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஜிம்மியை ஆடாமல் வைத்துக்கொள்கிறவள் அவள்தான். மருந்துக் கடை ரசீதுகள் மேஜைமேல் கிடந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியும்.

மனைவி 3,000-ஐக் கொடுத்தாள். அதை முன்பணமாக எழுதவில்லை. 'படிப்பு' என்று, எங்கள் பிள்ளைகள் பெரியவர்களான பின் காலியாகக் கிடந்த தலைப்பில் எழுதினாள். எங்கிருந்து வந்தது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மார்கழிக் கச்சேரி சீசன் டிக்கெட் அடிக்கப்பட்டிருந்தது. நாற்பது வருஷமாக அவள் விடாத ஒன்று. "மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடையாதே! சின்னப் பசங்கள் நன்றாகப் பாடுகிறார்கள்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்தக் கட்டுரைக்கு வரும் சன்மானம் புட்டிக்கும் ஊசிக்கும்தான் காணும்.

ஆனால் அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. 'கண்: ஐப்பசி' என்று எழுதி, ஐப்பசியை அடித்துத் 'தை' என்று திருத்தியிருந்தாள். அவளுடைய வலது கண்ணில் புரை. அந்த ஆபரேஷனுக்கு அவளுக்குக் காப்பீடு இருக்கிறது, பணம் காரணமில்லை.

"ஏன் தள்ளிப் போட்டாய்?"

"ஆபரேஷன் ஆனால் சில நாள் குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது என்கிறார்கள். இவனுக்கு யார் ஊசி குத்துவது? நீங்களா?"

நியாயமான கேள்வி. ஊசியைக் கண்டால் எனக்குக் கண் இருட்டும். என் நாவல்களில் வரும் டாக்டர்கள் எல்லாரும் ஊசி போடும்போது நான் அத்தியாயத்தை முடித்துவிடுகிற வழக்கம். கணக்கில் பணத்துக்குத் தலைப்பு உண்டு. கைகளுக்குத் தலைப்பு இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது. அவளுடைய இரண்டு கைகளும் அவன் பக்கத்தில் பற்று எழுதப்பட்டிருந்தன. அதற்காகக் கண் காத்துக்கொண்டிருந்தது.

கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஊசி தோலின் மறுபக்கமாக வெளியே வந்து, மருந்துத் தண்ணீர் முழுவதும் என் வேஷ்டியில். வேலைக்கார அம்மாள் சிரித்துவிட்டு, "கூடாரம் மாதிரி தூக்கிப் புடி ஐயா, உள்ளே தெருவு மாதிரி எடம் இருக்குது" என்றாள். நாலாம் நாள் சரியாகப் போயிற்று. தோலுக்கடியில் தண்ணீர் சேர்ந்து, முதுகில் சின்ன ஒட்டகத் திமில்போல் எழும்பும். பிறகு மெள்ள மெள்ள வற்றிவிடும். ஜிம்மி அசையவில்லை. குத்துகிறவன் யார் என்று திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். கண் ஆபரேஷன் ஐப்பசியிலேயே நடந்தது.

எவ்வளவு நாள் இப்படி என்று டாக்டரைக் கேட்டேன். அவள் மாதக் கணக்குச் சொல்லவில்லை. "காலண்டரில் தினமும் குறியுங்கள். தானாகச் சாப்பிட்டு, தானாக எழுந்து நடந்து, உங்களைப் பார்த்து வாலாட்டினால் நல்ல நாள். இல்லாவிட்டால் கெட்ட நாள். கெட்ட நாள் அதிகமாகும்போது வாருங்கள், பேசுவோம்" என்றாள். எதைப் பேசப் போகிறோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்த மாதம் இதுவரை நல்ல நாள் 19, கெட்ட நாள் 6. செவ்வாய்க்கிழமை மட்டும் தகராறில் இருக்கிறது. அன்று அவன் சாதத்தை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அதனால் கெட்ட நாள் என்கிறாள் மனைவி. ஆனால் சாயங்காலம் மதில்மேல் காக்கை உட்கார்ந்தபோது தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவை குரைத்தான். நான் கேட்டேன். அவள் அப்போது கொல்லையில் இருந்தாளாம், காதில் விழவில்லையாம். சிவப்புப் பென்சிலை அவள் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள்.